நாலாவது முட்டை

வீடின்றித் தெருவில் இருந்தவர்களுக்கு அறை கொடுத்து, தனியே வாழக் கற்றுத்தரும் விடுதி அது. அதன் சமையலறையில் அவர் உடைத்த மூன்றாவது முட்டையும் ஓட்டோடு வாணலியில் விழுந்தது.

“ஏங்க, முட்டை மேல அப்படி என்ன கோபம்?” பக்கத்தில் நின்ற பெண் சிரித்தாள். “விளிம்புல லேசா ஒரு தட்டு தட்டி, கட்டைவிரலால பிரிங்க.”

“முதல்ல அம்மா, அப்புறம் சம்சாரம். அடுப்படிப் பக்கம் நான் தலைவெச்சுக்கூடப் படுத்ததில்லைங்க. எல்லாம் தெரியும்னு அளந்துவிட்டுத்தான் இங்க உள்ளேயே வந்தேன். இது வரலைன்னா இன்னைக்கே வெளியே அனுப்பிடுவாங்க.”

“யார் அனுப்புறாங்கன்னு பாத்துடலாம். முதல்ல தீயைக் குறைங்க.”

நாலாவது முட்டை, மஞ்சள் கரு கலங்காமல் பூப்போல வந்து உட்கார்ந்தது. அவருக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

மேலாளர் கதவைத் திறந்து எட்டிப் பார்த்தார். “சார், கூடத்துக்கு எல்லாரும் வந்தாச்சு. முதல் வகுப்பு, அசத்திடுங்க!”

அவர் ‘பயிற்சியாளர்’ அட்டையை அவசரமாகக் கழுத்தில் மாட்டிக்கொண்டு ஓடினார். அவருக்கு முன்பே அந்தப் பெண், எட்டாம் அறைக்காரி, மற்றவர்களோடு முதல் வரிசையில் உட்கார்ந்திருந்தாள். ஒன்றும் அறியாதவள்போல் கையைத் தூக்கினாள்.

“சார், எனக்கு முட்டை உடைக்கவே வராது. ஒரு தடவை உடைச்சுக் காட்டுங்களேன்!”