பாதி விலையில் எல்லை

"மேடம், உங்க திட்டத்தைக் கிழிச்சுத் தோரணம் கட்டிட்டாங்க!" உதவியாளர் நாற்காலியில் தொப்பென்று விழுந்தார்.

கள்ளத்தனமாக எல்லை தாண்டுகிறவர்களிடம் ஏஜென்ட் கறப்பதில் பாதியை வாங்கிக்கொண்டு, அரசாங்கமே கவுன்டர் திறந்து ஓராண்டு வேலைச் சீட்டு கொடுக்கும். எல்லைக் காவல் அதிகாரி ஊரைக் கூட்டி இந்தத் திட்டத்தை வாசித்ததும் மண்டபமே கொதித்துப்போனது.

"போன மாசம் மூடின லாரியில ஒன்பது பேர் மூச்சுமுட்டிச் செத்தாங்க. அந்த ஏஜென்டைப் பிடிக்கத் துப்பில்ல, கடை விரிக்க வந்துட்டோம்னு சிரிக்கிறாங்க மேடம்."

"அவனைப் பிடிக்காம நான் இந்த நாற்காலியை விட்டு எழுந்திருக்க மாட்டேன். யார் என்ன பேசினாங்க, குறிப்பைப் படிங்க."

"வாத்தியார், நாட்டு மானம் போச்சுன்னார். டாக்டரம்மா, நோய் வரும்னாங்க. லாட்ஜ்காரர், சுவரை இன்னும் பத்தடி உசத்தச் சொன்னார். பாவம், தேசபக்தியில கண்ணே கலங்கிருச்சு."

"கண்ணைத் துடைச்சுட்டு என்ன கேட்டார்?"

"கவுன்டர் எந்தத் தேதியில, எந்தெந்த எல்லை வாசல்ல திறக்கும்னு கேட்டார்."

"வேற யாராவது அதைக் கேட்டாங்களா?"

"இல்லையே மேடம்."

"புதுக்கடை வருதுன்னா ஊரே வம்பு பேசும். திறக்கிற தேதியை விசாரிக்கிறவன் ஏற்கெனவே அதே சரக்கை விக்கிறவன்தான்."

அதிகாரி திட்டக் கோப்பைத் திறந்தார். உள்ளே திட்டம் என்று ஒரு வரிகூட இல்லை. பெயர் எழுதாத சோதனை உத்தரவு ஒன்றுதான் இருந்தது.

லாட்ஜ்காரரின் பெயரை நிதானமாக எழுதிவிட்டு, எழுந்தார்.