அக்டோபரின் கடைசிச் சனிக்கிழமை

மகளின் கையைப் பிடித்துக்கொண்டு கல்யாண மேடைவரை நாற்பது அடி நடப்பதற்கு விலை மூவாயிரத்து இருநூறு டாலர். ஏரிக்கரை மண்டபத்துக்காரி முதலில் சொன்னது ஐயாயிரம்.

குறைத்தவன் நான். போன ஜனவரியில், வெளியே பனி கொட்டிக்கொண்டிருக்க, நாற்பது நிமிடம் பேரம் பேசிக் குறைத்தேன்.

அக்டோபரின் கடைசிச் சனிக்கிழமை எப்போதும் மலிவு. பேஸ்பால் உலகத் தொடர் நடக்கிற நேரம் அது. எங்கள் ஊரில் புத்தியுள்ள எவனும் அன்றைக்குக் கல்யாணம் வைக்கமாட்டான்.

"உங்க அணி அதுவரைக்கும் போயிட்டா என்ன சார் பண்ணுவீங்க?" என்றாள்.

"எங்க அணியா? அந்த நேரத்துல நாங்க ஏரியில மீன் பிடிச்சிட்டு இருப்போம்மா. உனக்கும் ரெண்டு கொண்டாந்து தர்றேன்."

நான் அந்த அணியின் மூன்றாம் தளப் பயிற்சியாளன்; மைதானத்தோரம் நின்று ஓடுகிறவர்களுக்குக் கைகாட்டுகிறவன். சரக்கின் தரம் கடைக்காரனுக்குத் தெரியாதா?

முந்தைய ஆண்டு நூற்று அறுபத்திரண்டு ஆட்டங்களில் நூற்று ஒன்றைத் தோற்றிருந்தோம். பந்தெறிகிறவர்கள் ஐந்து பேர். அதில் மூன்று பேரின் முழங்கை தையல் போட்டது. எங்களுக்கு நூற்றுக்கு இரண்டு பங்கு வாய்ப்பு என்று பத்திரிகைக்காரர்கள் எழுதினார்கள். தாராள மனசுக்காரர்கள் என்று நினைத்துக்கொண்டேன்.

அந்தத் தேதி சரிப்படுமா என்று மகள் டெலானி மூன்று முறை கேட்டாள். மூன்று முறையும் அடித்துச் சொன்னேன். மாப்பிள்ளையும் கூடவே தலையாட்டினான்.

அந்தப் பாழாய்ப்போன அணி ஏப்ரலில் ஜெயிக்க ஆரம்பித்தது. நிறுத்தவே இல்லை.

மே மாதம், கத்துக்குட்டிகளின் அதிர்ஷ்டம் என்றேன். ஜூலையில், வெயில் ஏறினால் உதிர்ந்துவிடுவார்கள் என்றேன். செப்டம்பரில் சாப்பாட்டு மேஜையில் யாரும் என்னிடம் அபிப்பிராயம் கேட்கவில்லை.

மண்டபத்துக்குத் தொலைபேசியில் பேசினேன்.

"தேதி மாத்தணுமா சார்? அடுத்த ஆகஸ்ட்ல ஒண்ணு காலியா இருக்கு. ஆமா, அந்த மீன் என்னாச்சு?"

ஆகஸ்டில் நாங்கள் வாரத்துக்கு ஆறு ஆட்டம் ஆடுகிறோம். விருந்தினரில் பாதிப் பேர் விமான டிக்கெட்டும் எடுத்துவிட்டார்கள். தேதியை அப்படியே விட்டேன்.

இன்று ஞாயிற்றுக்கிழமை, நல்ல வெயில். உலகத் தொடருக்குப் போவது யார் என்று தீர்மானிக்கும் கடைசி ஆட்டம், அதில் கடைசிச் சுற்று. மூன்றுக்கு மூன்று. எங்கள் முறை. ஒரே ஒரு ஓட்டம் போதும்.

எடுத்தால், சனிக்கிழமை நான் இரண்டாயிரம் மைல் தள்ளி இன்னொரு மைதானத்தில் நிற்பேன். எடுக்காமல் தோற்றால், ஏரிக்கரையில்.

காலையில் டெலானி காபி ஊற்றிக்கொண்டே சொன்னாள்: "அப்பா, தோத்துட்டு வந்து நிக்காதீங்க. ஆனா..."

கோப்பையை என் பக்கம் தள்ளிவிட்டுப் போய்விட்டாள்.

இரண்டு பேர் ஆட்டமிழந்தாயிற்று; மூன்றாமவன் போனால் எங்கள் முறை முடிந்தது. முதல் தளத்தில் கெல்சோ நின்றான். அவனுக்கு அடுத்தவன் அடித்த பந்து வலது மூலைச் சுவரில் பட்டு உருண்டது.

கெல்சோ இரண்டாம் தளத்தை மிதித்து என்னை நோக்கி வந்தான்.

அந்த இடத்தில் ஓடுகிறவனுக்குப் பந்து முதுகுக்குப் பின்னால் இருக்கும். அவன் பார்ப்பது என் கையை மட்டும்தான். உள்ளங்கையை உயர்த்தினால் மூன்றாம் தளத்தில் நிற்பான். கையைச் சுழற்றினால் ஹோமுக்கு, தொட்டால் ஓட்டம் கிடைக்கிற கடைசித் தளத்துக்கு, ஓடுவான்.

நாற்பதாயிரம் பேர் எழுந்து நின்றார்கள்.

கெல்சோ என் கையைப் பார்த்தான். பிறகு என் முகத்தையும் பார்த்தான். அதற்கு அவசியமே இல்லை.

நிறுத்தலாம். வலது மூலைக்காரனின் எறி நாடறிந்தது. நிறுத்தினால் எவனும் குறை சொல்லமாட்டான். நிதானஸ்தன் என்று நாளைக்கு எழுதுவார்கள். அடுத்து அடிக்க வருகிறவன் இன்று மூன்று முறை காற்றை மட்டும் அடித்துவிட்டுத் திரும்பியவன். மற்றதை அவன் பார்த்துக்கொள்வான்.

ஆனால் மூலைக்காரன் தவறான காலை முன்னால் வைத்துப் பந்தை எடுத்தான்.

எறிவதற்கு முன்னால் இன்னொரு எட்டு வைத்தே ஆகவேண்டும். இருபத்தாறு வருடம் இந்தச் சுண்ணாம்புக் கோட்டோரம் நின்றவனுக்கு அந்த ஒரு எட்டின் விலை தெரியும். ஜனவரியில் போட்ட கணக்கு தப்பியது. இது தப்பாது.

தோள் கழன்றுவிடும்போலக் கையைச் சுழற்றினேன். "போடா! நிக்காதே, போ!"

கெல்சோ மார்பால் மண்ணைக் கிழித்துக்கொண்டு போனான். பந்து வந்து சேர்ந்தபோது அவன் விரல்கள் தளத்தின்மேல் இருந்தன. ஓட்டம் செல்லும் என்று நடுவர் இரண்டு கைகளையும் விரித்தார்.

எல்லோரும் ஓடிவந்து அவன்மேல் விழுந்தார்கள். அந்த மனிதக் குவியலுக்கு அடியிலிருந்து எப்படியோ தவழ்ந்து வெளியே வந்தவன், வாயெல்லாம் புழுதியோடு, நேராக வந்து என் கழுத்தைக் கட்டிக்கொண்டான்.

"மாமா," என்றான் காதுக்குள். "டெலானி முன்னாடி முதல்ல யாரு போய் நிக்கிறது? நீங்களா, நானா?"

பலகையில் எங்களுக்கு நான்கு, அவர்களுக்கு மூன்று.

ஏரிக்கரை மண்டபத்தில், வருகிற சனிக்கிழமை: விருந்தினர் நூற்று எண்பது, மணமகள் ஒன்று, பெண்ணின் அப்பா பூஜ்யம், மாப்பிள்ளை பூஜ்யம்.