துண்டு தொங்கும் ஹீட்டர்

குளியலறைச் சுவரில் புதிதாக மாட்டிய ஹீட்டர், அடுப்படியிலிருந்து வெந்நீரோடு வந்த அலுமினியக் குண்டானைப் பார்த்து, "இனி உனக்கு ஓய்வுதான் அண்ணே" என்றது.

மாலையில் எலக்ட்ரீஷியன் வந்தார். "இந்த வீட்டுப் பழைய வயரிங் இதைத் தாங்காது சார். சுவரை உடைச்சுப் புது வயர் இழுக்கணும். ஹீட்டர் விலையைவிட அதிகமாகும்."

"அடுத்த மாசம் பார்ப்போம்" என்றார் வீட்டுக்காரர்.

மாதங்கள் போயின. ஹீட்டர்மேல் துண்டு காய்ந்தது.

"என்னால உன் வேலை கொஞ்சமாவது குறைஞ்சுதா அண்ணே?"

குண்டான் பெருமூச்சு விட்டது. "எங்க குறைஞ்சுது? முன்னெல்லாம் விருந்தாளி கண்ணு முன்னாடியே வருவேன். இப்போ உன்னைக் காட்டிப் பெருமை பேசிட்டு, அந்தத் துண்டாலேயே என்னை மூடி ஒளிச்சுத் தூக்கிட்டு வர்றாங்க."