முள் இறங்குகிறது

"கையை வைக்காதேம்மா! முதல்ல நான் சொல்றதைக் கேளு. அப்புறம் இன்ஜினைப் பிரி."

ஓய்வுபெற்ற நூலகர், காரின் முன்மூடியைத் தூக்கிப் பிடித்தவாறு ஆணையிட்டார். வந்திருந்த மெக்கானிக் பெண் ஸ்பானரைப் பையில் செருகிவிட்டுக் கைகட்டி நின்றாள்.

காரின் பின்னிருக்கை முழுவதும் பெட்டிகளும் சுருட்டிய மெத்தையும் ஏற்றப்பட்டிருந்தன. நூலகரின் மகள் மறுநாள் காலை எட்டு மணிக்குள் தொலைவிலுள்ள மருத்துவமனை ஒன்றில் செவிலியராகப் பணியேற்க வேண்டும். அந்நேரத்திற்குள் அங்கே கொண்டுசேர்க்கும் பேருந்து கிடையாது. இருபத்தாறு ஆண்டு பழைமையான இக்காரின் இன்ஜின் இன்று பிரிக்கப்படுமாயின், பத்து நாள்களுக்கு அது நகராது. வேலை வேறொருவருக்குப் போய்விடும்.

"போன வாரம்கூட இதுலதானேப்பா கடைக்குப் போனோம்? நல்லாத்தானே ஓடுச்சு?" என்றாள் மகள்.

"நெஞ்சுவலிக்காரன்கூடத்தான் கடைக்குப் போறான். நர்ஸுக்கு நான் சொல்லித் தரணுமா?"

பின்னர் அவர் மெக்கானிக்கின் பக்கம் திரும்பினார். இன்ஜினுக்கு ஊற்றும் உயவு எண்ணெய் பற்றி மூன்று நூல்களைக் கற்றுத் தேர்ந்தவராதலால், தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"குளிர்ந்த எண்ணெய் கெட்டியா இருக்கும். அதனால கிளப்பினதும் அழுத்தம் அதிகம். சூடானா இளகும், அழுத்தம் இறங்கும். இன்ஜின் மெதுவா சுத்தினா இன்னும் இறங்கும், வேகமா சுத்தினா ஏறும். உள்ளே தேய்ஞ்சுபோன பழைய இன்ஜின்னா ரொம்பவே இறங்கும். தப்பா?"

"ஒரு எழுத்துகூடத் தப்பில்ல சார்."

நூலகரின் முகம் மலர்ந்தது. "நாற்பது வருஷம் அடுத்தவங்களுக்குப் புத்தகம் எடுத்துக் கொடுத்த மண்டு நான். நாமளும் ஒண்ணைத் திறந்து பார்ப்போமேன்னு இப்பதான் தோணுச்சு."

"இன்னும் கொஞ்ச நாள் கழிச்சுத் தோணியிருக்கலாம்" என்று வாசற்படியிலிருந்து அவருடைய மனைவி குரல்கொடுத்தார். "போன மாசத்துக்கு முந்தின மாசம் வைத்தியப் புத்தகம் படிச்சார், எனக்கு வியாதி. இப்போ இது. காருக்கு வியாதி."

"சிரிங்க, நல்லா சிரிங்க. பொண்ணை நட்ட நடு ரோட்டுல நிறுத்திட்டு நான் முழிக்கணுமா?" நூலகரின் குரல் தாழ்ந்தது. "அவ வேலை போகணும்னு எனக்கென்ன ஆசையா? ஒரு மாசமா தினமும் டாஷ்போர்டுல ஆயில் அழுத்த முள்ளைப் பார்க்கிறேன்மா. புத்தகத்துல சொன்னபடியே இறங்குது. வழியில இன்ஜின் இறுகிப்போச்சுன்னா?"

மகள் மெத்தையைக் கட்டியிருந்த கயிற்றை அவிழ்க்கத் தொடங்கினாள்.

மெக்கானிக் எண்ணெய் அளவு பார்க்கும் கம்பியை உருவித் துடைத்து, மீண்டும் உள்ளே விட்டு எடுத்துப் பார்த்தாள். மட்டம் சரியாக இருந்தது. பிறகு இருக்கையில் அமர்ந்து சாவியைத் திருப்பினாள். முள் மேலே எழுந்தது. கால் மணி நேரம் ஓடவிட்டாள். முள் மெல்லத் தாழ்ந்தது. ஆக்சிலரேட்டரை மிதித்தாள்; ஏறியது. காலை எடுத்தாள், இறங்கியது.

"பார்த்தியா? வரிக்கு வரி புத்தகம்!" என்று, துக்கமும் பெருமிதமும் ஒருங்கே பொங்க, ஜன்னல் வழியே எட்டிப் பார்த்த நூலகர் கூவினார்.

"ஹெட்லைட்டைப் போடுறேன் சார். முள்ளையே பாருங்க."

விளக்குகள் எரிந்தன. முள் சட்டெனச் சரிந்தது.

"ஐயோ, இன்னும் விழுந்துடுச்சே! போச்சு, இன்ஜின் போச்சு!"

அவள் விளக்கை அணைத்தாள், முள் எழுந்தது. மறுபடியும் போட்டாள், விழுந்தது. நூலகர் தலையில் கைவைத்துக்கொண்டார்.

"லைட்டு என்னைக்கு சார் ஆயில் குடிச்சிருக்கு?" என்றவள், மகளை நோக்கிக் கையசைத்தாள். "கயித்தைக் கட்டுங்க மேடம், டைனமோ பெல்ட்டு தளர்ந்திருக்கு, அதை மட்டும் இறுக்கித் தர்றேன், கிளம்பலாம். அப்பா ஒரு மாசமா பார்த்தது பேட்டரி சார்ஜ் காட்டுற முள்ளு. இந்தக் கார்ல ஆயிலுக்கு முள்ளே கிடையாது!"