மூன்றாவது ஜோடிக்கு நாற்பத்தொன்று

மனைவி கைப்பையிலிருந்து துண்டுச் சீட்டையும் பேனாவையும் வெளியே எடுத்ததும் அவருக்குப் புல்லரித்துவிட்டது. கைக்கடிகாரத்தைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு, பரீட்சை எழுத வந்தவள் மாதிரி நிமிர்ந்து உட்கார்ந்திருந்தாள்.

அவர் முப்பது வருஷம் ஒரு பெரிய கம்பெனியின் பயிற்சிப் பிரிவுக்குத் தலைவராக இருந்தவர். அவர் பேச எழுந்தால் மதியச் சாப்பாடு ஆறிப்போகும் என்று அலுவலகத்தில் பெயர். ஓய்வு பெற்று ஆறு மாதமாகிறது. இப்போது வகுப்பில் ஒரே ஒரு மாணவி. அந்த மாணவியும் இன்றைக்கு வரை ஒரு குறிப்புகூட எடுத்ததில்லை.

அது கடையின் உள்ளறை. காலடியில் கம்பளம், சுவர் முழுக்கப் பஞ்சு. எதிரே மூன்று ஜோடி ஸ்பீக்கர்கள் நின்றன: அலமாரியில் அடங்குகிற அளவில் ஒன்று, இடுப்புயரத்தில் ஒன்று, ஆள் உயரத்தில் ஒன்று.

ஆள் உயர ஜோடியின் மேல்தான் அவருக்குக் கண். ஆனால் முடிவு மனைவியுடையது. துடைப்பம் வாங்கவே நாலு கடை ஏறி இறங்குகிறவள். "இருக்கிற ரேடியோ பாடாமலா இருக்கு?" என்று ரெண்டு வருஷம் தட்டிக்கழித்துவிட்டு, போன வாரம்தான் என்ன தோன்றிற்றோ, "சரி, போய்ப் பார்க்கலாம்" என்று அவளே சொன்னாள். இன்றைக்கு உதட்டைப் பிதுக்கினாளானால் இந்த ஜென்மத்துக்கு ரேடியோதான்.

விற்பனையாளர் முதல் ஜோடியை ஓடவிட்டார். வயதான பாடகர் ஒருவரின் குரல், பக்கத்தில் ஒரே ஒரு வாத்தியம். கணவர் தலையை ஒரு பக்கமாகச் சாய்த்துக் கேட்டார். பிறகு விரலை உயர்த்தினார்.

"பாத்தியா, குரல் மூக்கால வருது. ஏன் தெரியுமா? பெட்டி சின்னது. இப்ப காத்துன்னா என்னன்னு முதல்ல எடுத்துக்குவோம்..."

காற்றில் தொடங்கியவர் காது நரம்பு வரைக்கும் போனார். மனைவி மடியைப் பார்த்தாள், சீட்டில் எதையோ எழுதினாள். அவர் குரல் குழைந்தது.

"மெதுவா சொல்லட்டுமா?"

"வேணாங்க. குறிச்சாச்சு."

இரண்டாவது ஜோடி பாடத் தொடங்கியது. விற்பனையாளர் அவள் பக்கம் குனிந்து, "மேடம், உங்க ஹாலுக்கு இதுவே தாராளம். இதுக்கு மேல போனா விலை ரெண்டு மடங்கு, வித்தியாசம் கடுகளவுதான். வியாபாரத்தை விட்டுட்டு நியாயமா சொல்றேன்" என்றார்.

அவள் தலையாட்டினாள். 'உன் நியாயத்துல இடி விழ' என்று மனசுக்குள் சபித்தார் கணவர். கொஞ்ச நேரம் பல்லைக் கடித்துக்கொண்டு பார்த்தார், முடியவில்லை.

"கடுகளவா? தம்பி, வித்தியாசம்னா என்னன்னு முதல்ல வரையறுக்கணும். அதை மூணு வகையா பிரிக்கலாம்..."

மனைவி மறுபடி எழுதினாள். மூன்று வகைகளும், அவற்றின் உட்பிரிவுகளும் முடிகிறவரை பாடகர் பின்னணியில் பாடிக்கொண்டே இருந்தார், பாவம்.

பிறகு மூன்றாவது ஜோடி.

முதல் சொல்லுக்கு முன்னால் பாடகர் மூச்சை இழுத்தார். அந்த மூச்சு இவர் பிடரியில் பட்டது. நாலாவது வகை என்று ஒன்றைத் தயாராக வைத்திருந்தவர் அதை அப்படியே விட்டுவிட்டார். குரல் எழுந்தது, இறங்கியது, ஓர் இடத்தில் நின்று திரும்பியது. எதிரில் பெட்டியும் இல்லை, கடையும் இல்லை. விற்பனையாளர் கதவைத் திறந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போனதையும் அவர் கவனிக்கவில்லை.

அந்த நீண்ட பாட்டு முழுசாக முடிந்து விற்பனையாளர் உள்ளே வந்தபோதுதான் கண் ஈரமாக இருப்பது தெரிந்தது. கூடவே பகீரென்றது. இந்த ஜோடிக்காகவே ராத்திரியெல்லாம் உட்கார்ந்து பதினோரு காரணங்களைத் திரட்டி வைத்திருந்தார். வாதாட வேண்டிய நேரத்தில் வாயடைத்து உட்கார்ந்துவிட்டாரே! போச்சு. ரேடியோதான்.

மனைவி கடைசியாக ஒன்றை எழுதி, பேனாவை மூடினாள்.

"தம்பி, இந்த உசரமானதுக்கே பில் போட்டுடுங்க."

விற்பனையாளருக்கே தூக்கிவாரிப் போட்டது. "மேடம், நான்தான் சொன்னேனே, ரெண்டாவதே..."

"எல்லாம் பாத்துட்டுதான் சொல்றேன். குடுக்கிற காசுக்கு இதுதான் கட்டுப்படியாகும்."

கணவர் எட்டி, அவள் கையிலிருந்த சீட்டைப் பார்த்தார். மூன்றே வரி. முதல் ஜோடி, 2. இரண்டாவது, 5. மூன்றாவது, 41. அவருடைய சட்டைப் பொத்தான்கள் விம்மின.

"பாத்தீங்களா தம்பி? நாப்பத்தொண்ணு! ஐம்பதுக்கு! முதல் ஜோடிக்கு வெறும் ரெண்டு. என்ன கறார் பாருங்க! இதுக்குப் பேர்தான் பயிற்சி பெற்ற காது. ஆறு மாசமா காலையிலேயும் சாயங்காலமும் உட்கார வச்சு நான் சொல்லிக்குடுத்தது வீண் போகலை."

விற்பனையாளர் மரியாதையாகத் தலையசைத்தார். கணவர் மனைவி பக்கம் திரும்பினார்.

"எந்த அடிப்படையில மார்க் போட்டேன்னு தம்பிக்குக் கொஞ்சம் விளக்கமா சொல்லு."

அவள் மடியிலிருந்த கடிகாரத்தை எடுத்து நிதானமாகக் கட்டிக்கொண்டாள்.

"மார்க்கா? நீங்க வாய் திறக்காம இருந்த நிமிஷங்க அது."