எடை போதாத உருண்டை

ஒன்பது கிலோ என்று சொல்லித் தந்த உருண்டையைத் தூக்கியதற்கே என் வலது தோள் கழன்றுவிடுவது போல வலித்தது.

அறிவியல் கூடத்துக்கு இரட்டை நட்சத்திர மாதிரி செய்துகொண்டிருந்தோம். மண்டபத்தின் இரு கோடியிலும் இரண்டு பெரிய விளக்குகள். அதில் ஒன்றைச் சுற்றிவர இந்தச் சின்ன இரும்பு உருண்டை. நட்சத்திரமாக எரிய இதற்கு எடை போதாதாம், பொறியாளர் சொன்னார். போன மாதம் இதை மாட்ட ஏறிய என் தம்பி விழுந்து செத்தான். விழாமல் பிடிக்கும் இடுப்புவாரை அவன் கேட்டபோது, "அஞ்சு நிமிஷ வேலைக்கு இவ்வளவு அலங்காரமா?" என்று சிரித்தவரும் இவர்தான்.

வர்ணம் பூச இறக்கிய உருண்டையைத் தராசில் வைத்தேன். அறுபத்திரண்டு காட்டியது. தராசு பழுதோ என்று ஐம்பது கிலோ சிமெண்ட் மூட்டையை வைத்தேன், சரியாக ஐம்பது. ஆஸ்பத்திரிச் சீட்டில் தம்பியின் எடை அறுபத்திரண்டு.

"சார், இது அறுபத்திரண்டு கிலோ இருக்கு. கம்பி இருபதுதான் தாங்கும்."

"உன் தம்பி மாதிரியே நீயும் நொய்நொய்னு உயிரை வாங்காதே. மாட்டுய்யா. நானே கீழ நின்னு காட்டுறேன்."

"சரிங்க சார்."

கைக்காசில் வாங்கிய இடுப்புவாரைக் கட்டிக்கொண்டு ஏறி, கப்பியில் இழுத்து மாட்டினேன். மோட்டாரைப் போட்டதும் உருண்டை சுற்றியது. அவர் தலைக்கு மேலே வந்ததும் நின்றுவிட்டது. மோட்டார் ஓடிக்கொண்டுதான் இருந்தது. கம்பியில் ஓர் இழை அறுந்தது. அவர் போனில் யாரிடமோ சிரித்துப் பேசிக்கொண்டிருந்தார்.

நான் கூப்பிடவில்லை. அவர் எங்கள் வீட்டுக்கு ஓர் உயிர் பாக்கி.