செவலை வளர்த்த பூமருது

தை மாதத்தில் ஒரு நாள், செவலை என்ற ஆடு பூங்காவுக்குள் புகுந்து, இளம் பூமருது ஒன்றை நுனிக்கொழுந்துகூட மிச்சம் வைக்காமல் மேய்ந்துவிட்டுப் போனது. "அடப்பாவி, இனி இது எங்கே பூக்கப்போகுது!" என்று அங்கே குடியிருந்த அணில் தலையில் அடித்துக்கொண்டது.

வைகாசியில் அந்தப் பக்கம் வந்த செவலை அப்படியே நின்றுவிட்டது. அது கடித்த இடமெல்லாம் இரண்டிரண்டாகக் கிளை வெடித்து, ஒவ்வொரு கிளை நுனியிலும், கசங்கிய பட்டுத்துணி போல ஊதாப் பூக்கள் கொத்துக் கொத்தாகப் பூத்திருந்தன. பார்க்கப் பார்க்க நெஞ்சு நிறைந்து, செவலை அசைபோடக்கூட மறந்துபோனது.

"எப்படி என் வேலை? அன்னைக்கு அளவு பாத்துக் கடிச்சேன்," என்றது அணிலிடம்.

"நீ பசியில கடிச்சேன்னு நினைச்சேன்," என்றது அணில்.

"பசியும் கொஞ்சம் இருந்துச்சு," என்று செவலை ஒத்துக்கொண்டது.

மறுநாள் தோட்டக்காரர் மரத்தைச் சுற்றி முள்வேலி கட்டினார். வேலிக்கு வெளியே நின்ற செவலைக்குப் பெருமை தாங்கவில்லை.

"பாத்தியா அணிலே, கண்டவங்களும் என் மரத்துல வாய் வைக்கக் கூடாதுன்னு வேலி போட்டுட்டாங்க!"